மலைக்குள் வைத்த வெடிமருந்து

மாரி காலம் பிறந்துவிட்டால் எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தின் பண்டகசாலையில் ஒரு தனி வாடை எழும். போத்தல்களின் பெயர்ச்சீட்டுக்கள் ஓரங் கழன்று தொங்கும். இரும்புத் தாங்கிகளிலே செம்பொடி பூக்கும். நான் இரசாயனவியல் ஆசிரியனாக இருந்த அந்நாளில், ஒரு மாணவன் கல்சியங்குளோரைட்டுப் போத்தலை மூடாது வைத்துவிட்டு விடுமுறைக்குப் போய்விட்டான். அவன் திரும்பி வந்து பார்த்தபோது போத்தலில் வெண்கட்டிகள் இல்லை. தெளிந்த நீர் போன்ற ஒரு திரவமே இருந்தது. “யாரோ தண்ணீர் ஊற்றிவிட்டார்கள், ஐயா” என்று முறையிட்டான். ஒருவரும் ஊற்றவில்லை. காற்றிலிருந்த நீரை அப்பொருள் தானாகவே ஈர்த்து, அதில் தானே கரைந்துவிட்டது. காற்றில் நீராவி உண்டு என்று புத்தகத்திற் படித்திருந்த அம்மாணவன், அன்றுதான் அதைக் கண்ணாற் கண்டான்.

சுவிற்சர்லாந்திலிருந்து வரும் ஒரு செய்தியைச் சில ஆண்டுகளாகத் தொடர்ந்து படித்துவருகிறேன். படிக்குந்தோறும் அந்தப் போத்தல் என் நினைவுக்கு வருகின்றது. மிற்ஹோல்ஸ் என்ற சிற்றூரின் மக்கள், 2030ஆம் ஆண்டளவிலே தங்கள் வீடுகளை விட்டு வெளியேறி, பத்தாண்டுகளுக்கு மேல் வேறிடத்தில் வாழவேண்டும் என்பதே அச்செய்தி. அவர்கள் பகைவனுக்கு அஞ்சி ஓடவில்லை. வெள்ளமோ பனிச்சரிவோ அவர்களைத் துரத்தவில்லை. அவர்களுடைய நாட்டு இராணுவமே ஒரு காலத்தில் அவ்வூர் மலைக்குள் வைத்த வெடிமருந்துதான் அவர்களை வெளியேற்றுகின்றது. எங்கோ ஆல்ப்ஸ் மலைச்சாரலில் நிகழ்வது நமக்கு என்ன என்று இதை ஒதுக்கிவிடல் ஆகாது.

இரண்டாம் உலகப் போரிலே சுவிற்சர்லாந்து நடுநிலை நாடு. எனினும் நாற்புறமும் போர் சூழ்ந்த நிலையில், தளபதி கிசான் தம் படைகளை ஆல்ப்ஸ் மலைகளின் நடுவே ஒடுக்கி, மலையையே அரணாகக் கொள்ளும் திட்டத்தை 1940ஆம் ஆண்டு வகுத்தார். மலைகளைக் குடைந்து படைவீடுகளும் களஞ்சியங்களும் அமைத்தார்கள். பேர்ண் மாநிலத்தின் கண்டர் பள்ளத்தாக்கிலே, புகையிரதப் பாதையை ஒட்டிய மிற்ஹோல்ஸ் ஊரின் பாறைச் சுவருக்குள்ளும் அத்தகைய களஞ்சியம் ஒன்று எழுந்தது. அதிலே ஏறத்தாழ 7,000 தொன் வெடிபொருள்களை அடுக்கினார்கள்.

போர் முடிந்தது. அந்நாட்டின்மேல் எவரும் படையெடுத்து வரவில்லை. குண்டுகள் அடுக்கிய நிலையிலேயே இருந்தன. 1947ஆம் ஆண்டு டிசெம்பர் 19ஆம் திகதி நள்ளிரவை அண்டிய வேளையில் அவற்றுள் ஏறத்தாழ 3,000 தொன் வெடித்தது. பாறைச் சுவர் பிளந்து சரிந்தது. ஊரின் வீடுகளும் புகையிரத நிலையமும் சிதைந்தன. 9 பேர் இறந்தனர். நத்தார்ப் பண்டிகைக்கு இன்னும் சில நாள்களே இருந்தன. போர்க்காலம் முழுவதும் பகைவரின் குண்டு விழாத அவ்வூரிலே, சமாதானம் வந்து இரண்டாண்டுகள் கழிந்த பின்னர், சொந்த நாட்டின் குண்டே வெடித்தது.

வெடித்ததற்குக் காரணம் யாது? ஐயத்துக்கு இடமின்றி அது நிறுவப்படவில்லை. ஆயினும் அன்று ஆராய்ந்தோரின் ஐயத்துக்கு இலக்கானவற்றுள் ஒன்று, குண்டுகளைத் தூண்டும் பொறியினுள்ளே காலப்போக்கில் தோன்றக்கூடிய செப்பு அசைட்டு என்னும் சேர்வை. இதனை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், நிலத்துக்கடியில் ஈரம் எவ்வாறு சேர்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

குகையும் நிலவறையும் கோடையிற் குளிர்ந்திருக்கும் என்பதை எவரும் அறிவர். அக்குளிர்ச்சியே அங்குள்ள கேட்டுக்குக் காரணம். வெளியே கோடைக் காற்றின் வெப்பநிலை 25 பாகை சதமவளவு, அதன் சாரீரப்பதன் நூற்றுக்கு 60 என்று கொள்வோம். அந்தக் காற்றின் ஒவ்வொரு கன மீற்றரிலும் ஏறத்தாழ 14 கிராம் நீராவி இருக்கும். மலைக்குள்ளே வெப்பநிலை 10 பாகை. அக்குளிரில் ஒரு கன மீற்றர் காற்று 9½ கிராமுக்கு மேல் நீராவியைத் தாங்கமாட்டாது. எஞ்சிய 4½ கிராமும் சுவரிலும் இரும்பிலும் பெட்டியிலும் பனியாகப் படியும். 1,000 கன மீற்றர் கொண்ட ஒரு சுரங்க அறையிலே காற்று ஒரு முறை முழுமையாக மாறினால், 4½ லீற்றர் நீரை உள்ளே கொண்டுபோய் ஊற்றியதற்கு அது சமம். கோடை முழுவதும் காற்று எத்தனை முறை மாறும் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

இதிலே ஒரு விபரீதம் உண்டு. அறை ஈரமாக இருக்கின்றதே என்று இரங்கி, நல்ல வெயில் நாளிலே கதவைத் திறந்து காற்றோட்டம் விடுகின்ற காவற்காரன், ஈரத்தைப் போக்குவதாக எண்ணிக்கொண்டு அதனை வரவழைக்கின்றான். குளிர்காலத்தில் வெளிக்காற்று வறண்டிருக்கும்போது திறந்தாலே பயன் உண்டு. நன்னோக்கம் ஒன்று மட்டும் இருந்தாற் போதாது. பொருளின் இயல்பை அறிந்த பின்னரே கதவின் தாழை நீக்க வேண்டும்.

அவ்வாறு புகுந்த ஈரம் என்ன செய்கின்றது? இரும்பைத் துருப்பிடிக்கச் செய்கின்றது. சாரீரப்பதன் நூற்றுக்கு 60 என்ற எல்லையைக் கடந்ததும் துருவின் வேகம் பெருகுகின்றது. துப்பாக்கியின் குழாயிலே தோன்றும் ஒரு சிறு துருக்குழி அதன் குறியைக் கெடுக்கும். தோட்டா அறையிலே தோன்றுமாயின், சுடுபவனுக்கே கேடு விளைக்கலாம். எனினும் துரு வெளியே தெரிவது. எண்ணெய்த் துணியுடன் ஒழுங்காகச் சுற்றிவருபவன் அதனைக் கண்டு துடைத்துவிடுவான். வெடிமருந்தின் உள்ளே நேரும் மாறுதல் அவ்வாறு கண்ணுக்குத் தெரிவதில்லை.

பழங்காலக் கரி மருந்து, வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு என்னும் அளவிற் கலந்து செய்தது. அது நனைந்தால் வெடிக்கும் ஆற்றலை இழக்கும். கோட்டை காத்த பழைய வீரனுக்கு மழையினால் வந்த அச்சம், வேண்டிய வேளையிலே மருந்து வெடிக்காதே என்பதுதான். புதுக்கால மருந்தின் குணம் வேறு. 1846ஆம் ஆண்டளவில், அதே சுவிற்சர்லாந்தின் பாசல் நகரப் பல்கலைக்கழகத்திலே சேன்பைன் என்னும் இரசாயனப் பேராசிரியர் பஞ்சை அமிலத்தில் தோய்த்து வெடிபஞ்சு செய்யும் முறையைக் கண்டார். புகையில்லா மருந்து யாவும் அதன் வழிவந்தவை. இம்மருந்து வைத்த இடத்திலேயே மெல்ல மெல்லச் சிதையும் இயல்புடையது. சிதையும்போது நைதரசன் ஒட்சைட்டு வாயுக்கள் தோன்றுகின்றன. ஈரத்தோடு கூடினால் அவை அமிலமாகின்றன. அவ்வமிலம் சிதைவை மேலும் விரைவுபடுத்துகின்றது. சிதைவினால் வெப்பம் பிறக்கின்றது. அவ்வெப்பம் வெளியேற வழியின்றி அடுக்கின் நடுவே தங்குமாயின், தீக்குச்சியின்றியே தீ மூளும். பிரெஞ்சுக் கடற்படையின் இயேனா என்ற கப்பல் 1907ஆம் ஆண்டும், லிபேட்டே என்ற கப்பல் 1911ஆம் ஆண்டும் தூலோன் துறைமுகத்திலே வெடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டது, இவ்வாறு சிதைந்த மருந்தினாலேயே என்று கருதப்பட்டது. சிதைவைத் தணிப்பதற்காக இருபீனைலமீன் போன்ற பொருள்களை மருந்துடன் கலக்கிறார்கள். அவையும் காலப்போக்கிற் செலவாகிவிடும். எவ்வளவு எஞ்சியிருக்கின்றது என்பதை மாதிரி எடுத்துச் சோதித்தே அறியலாம்.

குண்டின் தூண்டுபொறி இதனினும் நுட்பமானது. அதிலே ஈய அசைட்டு என்னும் மருந்தைச் சிறிதளவு வைப்பதுண்டு. ஈரமும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டும் அதனைத் தீண்டினால், அசைட்டு அமிலம் ஆவியாகப் பிரிகின்றது. அவ்வாவி அருகிலுள்ள செம்பையோ பித்தளையையோ அரித்து, முன்னே நான் கூறிய செப்பு அசைட்டை உண்டாக்கும். மெல்லிய உராய்வு ஒன்றே அதனை வெடிக்கச் செய்யப் போதுமானது. பழைய மருந்தைச் செயலிழக்கச் செய்த அதே ஈரம், புதிய பொறிக்கு மூர்க்கத்தைக் கொடுத்துவிடுகின்றது. காலங் கடந்த குண்டு பயனற்றது, ஆகவே தீங்கற்றது என்று நம்புவோர் பலர். அதைவிட ஆபத்தான நம்பிக்கை வேறில்லை.

இவற்றைத் தடுக்கும் வழிகள் அறியப்படாதவை அல்ல. நம் வீட்டுப் பெண்கள் விதைத் தானியத்தை அடுப்புக்கு மேலே கட்டிய பரணில் வைத்ததும், நெல் மூட்டையை வெறுந்தரையில் வைக்காது பலகைமேல் ஏற்றியதும் இதே அறிவினால்தான். படைக்கலக் களஞ்சியத்துக்கும் விதிகள் இவையே: பெட்டிகள் தரையையும் சுவரையும் தொடலாகாது, காற்றுப் புகாத உறைகளிலே சிலிக்காச் செல் போன்ற ஈரமுறிஞ்சிகளை இடவேண்டும், சாரீரப்பதனை நூற்றுக்கு 50 என்ற அளவை ஒட்டி நிறுத்தவேண்டும். அதற்கு மிகக் கீழே போனால் துப்பாக்கியின் மரப்பிடி வெடிப்புறும். வெறுமனே சூடேற்றியும் ஈரப்பதனைக் குறைக்கலாம். ஈரம் நிறைந்த 10 பாகைக் காற்றை 21 பாகைக்குச் சூடேற்றினால் அதன் சாரீரப்பதன் ஏறத்தாழ 50க்கு இறங்கும். ஆனால் வெப்பம் மருந்தின் மூப்பை விரைவுபடுத்துமாதலால், இரும்புக்கு நன்மையான வழி மருந்துக்குத் தீமையாகும். ஆகவேதான் காற்றைச் சூடேற்றாது நீரை மட்டும் பிரித்தெடுக்கும் பொறிகளை இக்காலத்தில் வைக்கிறார்கள். பொறி இருந்தாலும் போதாது. ஈரமானியை நாள்தோறும் பார்த்து ஏட்டில் எழுத ஒருவன் வேண்டும். அந்த ஏட்டைப் படிக்க மேலே ஒருவர் வேண்டும். பிழைகள் பெரும்பாலும் நேர்வது இந்த இரண்டாம் இடத்திலேதான்.

மிற்ஹோல்ஸின் பிற்காலக் கதை இதற்குச் சான்று. வெடித்தது போக எஞ்சிய குண்டுகள், இடிந்த சுரங்கத்திலும் சரிந்த பாறையின் அடியிலும் புதைந்து கிடந்தன. இன்றைய மதிப்பீட்டின்படி அவை ஏறத்தாழ 3,500 தொன். அவற்றினுள்ளே பல நூறு தொன் வெடிமருந்து உண்டு. 1949ஆம் ஆண்டு நிபுணர்கள் ஆராய்ந்து, இனியொரு வெடிப்பு நேரினும் அதனால் விளையும் சேதம் சிறிதே என்று கூறினார்கள். அச்சொல்லை நம்பி ஊர் மீண்டும் எழுந்தது. வீடுகள் கட்டினார்கள், குழந்தைகள் பிறந்தார்கள். இராணுவமும் அதே சுரங்கத்திலே மருந்துச்சாலை ஒன்றையும் வீரர் தங்குமிடம் ஒன்றையும் நடத்தியது. ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அந்த நம்பிக்கையே ஆட்சி செய்தது. அவ்விடத்தை வேறொரு தேவைக்குப் பயன்படுத்த எண்ணி மறுபடியும் ஆராய்ந்தபோதுதான், ஆபத்து முன்னே கருதியதிலும் பெரிது என்று தெரியவந்தது. 2018ஆம் ஆண்டு அரசு அதனை ஊரவர்க்கு அறிவித்தது. குண்டுகளை அகற்றும் பணிக்காகப் பத்தாண்டுகளுக்கு மேல் ஊரைவிட்டு நீங்கவேண்டியிருக்கும் என்பதை 2020ஆம் ஆண்டு பெப்ரவரியிலே கூறியது. இப்பணிக்காக அந்நாட்டுப் பாராளுமன்றம் 2023ஆம் ஆண்டு அனுமதித்த தொகை 259 கோடி சுவிஸ் பிராங்கு. வெடிமருந்தை வைத்த தலைமுறை அதற்காகச் செலவிட்ட பணம் இத்தொகைக்கு முன் எம்மாத்திரம் என்று எண்ணிப் பார்த்தல் தகும்.

1949ஆம் ஆண்டின் நிபுணரை நான் பழிக்க வரவில்லை. அன்று கையிலிருந்த அறிவைக் கொண்டு அவர்கள் கூறினார்கள். அச்சொல்லை மீண்டும் மீண்டும் சோதியாது, காலம் கடந்தும் அதனையே பிடித்துக்கொண்டதுதான் பிழை. நிபுணர் சொல்லுக்கும் மூப்பு உண்டு. மருந்தோடு கலந்த தணிப்பானைப் போல அதுவும் மெல்ல மெல்லச் செலவாகிவிடுகின்றது. இன்னும் எவ்வளவு எஞ்சியிருக்கின்றது என்று அதனையும் மாதிரி எடுத்துப் பார்த்தல் வேண்டும்.

மலைக்குள் வைப்பது ஆபத்து என்று கண்டவர்கள் செய்த மாற்று வழியும் நினைக்கத்தக்கது. வேண்டாத குண்டுகளைத் தூண், பிறியென்ஸ், லூசேண் முதலிய ஏரிகளின் அடியிலே ஆயிரக்கணக்கான தொன் அளவிற் கொட்டினார்கள். இவ்வழக்கம் 1960களின் நடுப்பகுதி வரை நீடித்தது. அவற்றை வெளியே எடுப்பதெப்படி என்று ஆலோசனை கேட்டு, 2024ஆம் ஆண்டு அந்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தார் பரிசுப் போட்டியொன்றை அறிவித்தார்கள். கண்ணுக்கு மறைந்தது கணக்கிலிருந்தும் நீங்கிவிட்டது என்று எண்ணுவது எல்லா அரசுகளுக்கும் பொதுவான இயல்பு போலும்.

பத்தாண்டு என்பதை ஓர் அரசாங்க அறிக்கையிலே எழுதுவது எளிது. எழுபது வயதுக் கிழவனுக்கு அச்சொல்லின் பொருள் வேறு. என் தாய்வழி ஊர் வலிகாமம் வடக்கிலே உள்ளது. 1990ஆம் ஆண்டு அங்கிருந்து நீங்கியவர்கள் சில வாரங்களில் திரும்பலாம் என்றே கதவைப் பூட்டினார்கள். என் மாமா வீட்டுச் சாவியை மடியிலேயே முடிந்து வைத்திருந்தார். அவர் கண்மூடிய பின்னரும் அச்சாவி சில காலம் எங்கள் அலமாரியில் இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேற் கழிந்து நாங்கள் போய்ப் பார்த்தபோது, அந்தச் சாவிக்கு உரிய கதவு இல்லை. கதவுக்கு உரிய சுவரும் இல்லை. கிணற்றுக் கட்டைக் கொண்டே வளவை அடையாளங் கண்டோம். இன்னும் தம் நிலத்தை அடையாதவர்களும் அப்பகுதியில் உளர். ஆகையால் மிற்ஹோல்ஸ் மக்கள் தங்கள் வீட்டை அரசுக்கு விற்றுவிட்டுப் போவதா, திரும்பிவரும் நம்பிக்கையோடு போவதா என்று தயங்கும் செய்தியைப் படிக்கும்போது, அத்தயக்கம் எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

ஆனால் ஒரு வேற்றுமையை மறைத்தல் ஆகாது. அந்த ஊரவர்க்குப் பத்தாண்டு முன்னதாகவே உண்மையைக் கூறினார்கள். கூட்டம் கூட்டி விளக்கினார்கள். கேள்வி கேட்க இடம் கொடுத்தார்கள். இழப்புக்கு ஈடும் பேசினார்கள். எழுபது ஆண்டு தாமதித்த உண்மையேயாயினும், வெடிப்பதற்கு முன்பு கூறிய உண்மை அது. நம் நாட்டிலே, கொழும்பிலிருந்து அவிசாவளை செல்லும் வழியிலுள்ள கொஸ்கமவின் சாலாவ இராணுவ முகாமில் 2016ஆம் ஆண்டு யூன் 5ஆம் திகதி ஆயுதக் களஞ்சியம் தீப்பற்றி வெடித்தபோது, அயலவர் அதனை அறிந்தது வெடியோசையினாலேயே. இராணுவ வீரர் ஒருவர் உயிரிழந்தார். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் ஓடினர். வீடுகளும் கடைகளும் அழிந்தன. அங்கே ஈரந்தான் காரணம் என்று நான் கூற வரவில்லை. குடியிருப்பின் நடுவே அத்தகைய களஞ்சியம் ஏன் இருந்தது என்ற கேள்வி, காரணம் எதுவாயினும் நிற்கவே செய்யும்.

சைப்பிரசு தீவிலும் இதுவே நிகழ்ந்தது. கப்பலொன்றிலிருந்து கைப்பற்றிய 98 கொள்கலன் வெடிபொருள்களை ஒரு கடற்படைத் தளத்திலே ஈராண்டுக்கு மேலாகத் திறந்தவெளியில் வெயிலிலும் மழையிலும் போட்டுவைத்தார்கள். 2011ஆம் ஆண்டு யூலை 11ஆம் திகதி அவை வெடித்து 13 பேர் மாண்டனர். அருகிலிருந்த அத்தீவின் மிகப் பெரிய மின்நிலையமும் செயலிழந்தது. இச்செயலை எந்தப் பகைவன் வந்து செய்தான்?

போர் முடிந்துவிட்டது என்று நாம் பேசுகின்றோம். வன்னியிலும் முகமாலையிலும் கண்ணிவெடி அகற்றுவோர் மண்டியிட்டு நிலத்தைத் துழாவிய காட்சியைக் கண்டவர்கள், அச்சொல்லை அவ்வளவு எளிதாகச் சொல்லமாட்டார்கள். புதைத்தவன் மறந்தாலும் மண் மறப்பதில்லை. மண்ணுக்குள் இருப்பதற்கே இந்நிலை என்றால், பூட்டிய களஞ்சியங்களுக்குள் இருப்பதைப் பற்றி நாம் கேளாதிருப்பது எவ்வாறு பொருந்தும்?

அரசுகளுக்குப் படைக்கலம் வேண்டுமா வேண்டாமா என்ற பெரிய விவாதத்துக்கு இங்கு நான் புகவில்லை. வைத்திருப்பவர் வைத்திருக்கட்டும். ஆனால் அவற்றைக் குடியிருப்புக்குத் தொலைவிலே வைக்கட்டும். ஈரத்தையும் வெப்பத்தையும் நாள்தோறும் அளந்து எழுதட்டும். மூப்படைந்த மருந்தைக் காலத்தில் அழிக்கட்டும். அயலிலே வாழ்பவர்க்கு அதனைப் பற்றிய உண்மையைச் சொல்லட்டும். இவை இராணுவ இரகசியம் ஆகமாட்டா. எத்தனை துப்பாக்கி உண்டு என்பதை மறைக்கலாம். தன் வீட்டுக் குழந்தை உறங்கும் இடத்திலிருந்து எத்தனை முழத் தூரத்தில் வெடிமருந்து உறங்குகின்றது என்பதை ஒருவனுக்கு மறைக்க எவருக்கும் உரிமை இல்லை.

அந்தக் கல்சியங்குளோரைட்டுப் போத்தலை நான் எறிந்துவிடவில்லை. ஆண்டுதோறும் புதிய வகுப்பு வந்ததும் மூடியைத் திறந்து மேசைமேல் வைப்பேன். “நாளை பாருங்கள்” என்று மட்டும் கூறுவேன். மறுநாள் பார்த்த மாணவர் எவரும் அதன்பின் ஒரு போத்தலையும் மூடாது விட்டதில்லை. நாட்டை ஆள்வோருக்கும் அத்தகைய பாடம் வேண்டும். மிற்ஹோல்ஸின் வெறுமையான வீடுகளைக் கண்டாவது அவர்கள் அதனைக் கற்றுக்கொள்வார்களாயின், அந்த ஊரவரின் பத்தாண்டு அலைச்சல் பிறருக்காவது பயன்பட்டதாகும்.